ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தமிழ்த் திரையுலகில் மக்கள் கூட்டங்கூட்டமாய்த் திரண்டு சென்று காணும் நாயகர் என்ற தகுதியை முதன்முதலில் பெற்றவர் யார் என்று வினவினால், முதியோர் பலரும் ஒரே பெயரைத்தான் சொல்வர். அவர்தாம் எம். கே. தியாகராஜ பாகவதர். 1910-ஆம் ஆண்டு பிறந்து 1959-ஆம் ஆண்டு மறைந்த அவரைப் பற்றி, இருபது வயதே நிரம்பிய, அதுவும் இயற்பியல் பயிலும் நான் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேநீர்க் கடையில் ஒரு வழக்கு

எங்கள் வீடு இராயபுரத்தில் உள்ளது. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தந்தையார் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. ஆனால் பாகவதரின் பாட்டு எங்கே கேட்டாலும் நின்றுவிடுவார். அவருடைய தந்தையார், அதாவது என் கொள்ளுத் தாத்தா, இராயபுரத்திலிருந்து பிராட்வே வரை நடந்தே சென்று ‘ஹரிதாஸ்’ படத்தைப் பலமுறை பார்த்தவராம். அந்தப் பித்து அப்படியே மகனுக்கு இறங்கிவிட்டது.

தாத்தாவுக்கு ஒரு நண்பர் உண்டு. அவர் பி. யு. சின்னப்பாவின் பரம இரசிகர். ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைச் சின்னப்பா தாத்தா என்றே அழைப்போம். மாலை ஆனால் இருவரும் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, பாகவதரா, சின்னப்பாவா என்று வாதாடுவார்கள்.

சென்ற ஆண்டு என் தந்தையார், பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றிலிருந்து பாகவதர் பாடல்களின் குறுந்தகடு ஒன்றை வாங்கி வந்தார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து தொகுத்து எப்போதோ மறுவெளியீடாக வந்தது அது. தாத்தாவுக்கு மகிழ்ச்சி ஒரு புறம்; வருத்தம் ஒரு புறம். இப்படி ஒரு தகடு வந்ததே நமக்குத் தெரியாமற் போயிற்றே, ஒரு சுவரொட்டி உண்டா, பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் உண்டா, முறையாக விளம்பரம் செய்திருந்தால் பாகவதர் தட்டு விற்காமல் போகுமா என்று கடையில் பொருமினார். சின்னப்பா தாத்தாவோ, வாங்கக் கூடியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பட்டம் அடித்தாலும் விற்றிருக்காது, பாகவதர் காலம் அவரோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். தொலைபேசியில் எல்லாப் பாட்டும் சும்மா கிடைக்கும்போது தட்டு எதற்கு என்று பக்கத்தில் இருந்த ஓர் இளைஞரும் எண்ணெய் வார்த்தார். பேச்சு முற்றியது. மறுநாள் முதல் இரு முதியவர்களும் ஒரே பலகையில் உட்காரவில்லை.

அன்றிரவு தாத்தா அந்தத் தகட்டின் உறையை என் கையில் கொடுத்தார். எந்தப் பாட்டு எந்தப் படம், எந்த ஆண்டு, யார் இயற்றியது என்று படித்துச் சொல்லச் சொன்னார். உறையில் பாடகர் பெயரும் பாடல்களின் தொடக்கச் சொற்களும் மட்டுமே இருந்தன. எனக்கும் தெரியவில்லை. குடும்பமே கூடிப் படிக்க வைத்த பிள்ளை, ஒரு சிறு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். அந்த வெட்கமே என்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பியது. அங்கும் பிற இடங்களிலும் நான் தேடி அறிந்தவற்றையே இங்கே தருகிறேன்.

இளமையும் ஏற்றமும்

மாயூரம் என்று அந்நாளில் வழங்கிய மயிலாடுதுறையில் 1910 மார்ச் 1-ஆம் நாள் பாகவதர் பிறந்தார். பொன் வேலை செய்யும் குடும்பம். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. குடும்பம் பிழைப்பை நாடித் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் தியாகராஜனுக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. திருச்சி இரசிக ரஞ்சன சபாவை நடத்திய எஃப். ஜி. நடேச ஐயர் அவன் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க வைத்தார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகக் கருநாடக இசை பயின்றான். நாடக மேடை அவனை இளைஞனாக்கியது. இசை மேடை அவனைப் பாகவதராக்கியது.

அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் விழும்படி உச்சத்தில் பாட வேண்டும். அப்படிப் பாடியும் இனிமை குறையாதிருந்ததே பாகவதர் குரலின் தனிச் சிறப்பு. மேடையில் வெற்றி பெற்ற ‘பவளக்கொடி’, 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. பாகவதருக்கும் உடன் நடித்த எஸ். டி. சுப்புலட்சுமிக்கும் அதுவே முதற்படம். அதில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள்! இன்று நான்கு பாடல்கள் இருந்தாலே முகஞ்சுளிக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றும். அன்றோ, பாட்டுக்காகவே மக்கள் படத்துக்குச் சென்றனர்.

1937-இல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ ஆகிய இரண்டும் வந்தன. ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் கிடைத்த இலாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு திரையரங்கே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் சூட்டினார்கள். ‘திருநீலகண்டர்’ 1939-இலும், ‘அசோக்குமார்’ 1941-இலும், ‘சிவகவி’ 1943-இலும் வெளிவந்தன. பாகவதரின் புகழ்பெற்ற பாடல்கள் மிகப் பலவற்றை இயற்றியவர் பாபநாசம் சிவன். தாத்தா கேட்ட கேள்விக்கு முதல் விடை கிடைத்தது.

இசைத்தட்டும் விற்பனையும்

அந்நாளில் பாட்டை வீட்டுக்குக் கொண்டு சென்றவை இரண்டு: திரையரங்கில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகமும், வசதி படைத்தோர் வாங்கிய இசைத்தட்டும். ஏ. வி. மெய்யப்பனார் கூட்டாளிகளுடன் 1932-இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. அரக்குப் பூச்சி தரும் அரக்கினால் செய்த அத்தட்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே பாட முடியும். விரிந்த பாடலைப் பாடகர் அந்த அளவுக்குள் சுருக்கியாக வேண்டும்.

இங்கே ஒரு செய்தி எனக்கு வியப்பளித்தது. 1930-களின் பாகவதர் படப் பாடல்கள் சிலவற்றை, அவர் பாணியிலேயே துறையூர் இராஜகோபால சர்மா என்பவர் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். அத்தட்டுகளும் வீடு வீடாகச் சென்றன. நல்ல பாடகர்; பின்னாளில் இசையமைப்பாளராகவும் விளங்கினார். ஆனால் இன்று அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் கிழிந்துவிட்டால், அந்தக் குரல் யாருடையது என்பதும் கிழிந்து போகிறதன்றோ!

மூன்று தீபாவளி

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய படம். டி. ஆர். இராஜகுமாரியும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், இசைக்கலைஞர் என். சி. வசந்தகோகிலமும் உடன் நடித்தனர். இதில் பாகவதர் பாடிய பாடலொன்றே சாருகேசி என்னும் இராகத்தைப் பாமர மக்களிடமும் கொண்டு சேர்த்தது.

அப்படம் வெளிவந்த சில வாரங்களில், நவம்பர் 8-ஆம் நாள், மஞ்சள் பத்திரிகை நடத்தி வந்த இலட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். நம் வடசென்னையின் பிராட்வே திரையரங்கில் ‘ஹரிதாஸ்’ 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதல் தீபாவளியன்று பாகவதர் வெளியில் இருந்தார். அடுத்த இரண்டு தீபாவளிகளிலும் சிறையில் இருந்தார். ஊரெல்லாம் பழிச்சொல், ஒப்பந்தம் செய்த படங்கள் கைவிட்டுப் போயின. அவர் நடிக்கவிருந்த ‘உதயணன்’ படத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். மேடையேறிப் பாடித் தம் படத்துக்கு ஆள் சேர்க்கும் நிலையில் நாயகர் இல்லை. ஆயினும் என் கொள்ளுத் தாத்தாவைப் போன்றோர் மூட்டை இறக்கிய காசை எண்ணிக் கொடுத்துப் பிராட்வேயில் வரிசையில் நின்றார்கள்.

வெளியே வந்தபின் நடந்ததோ நேர்மாறு. விடுதலை பெற்ற பாகவதரின் படம் என்ற பேச்சு நாடெங்கும் இருக்க, 1948-இல் ‘ராஜமுக்தி’ வந்தது, தோற்றது. 1952-இல் ‘அமரகவி’, ‘சியாமளா’, 1957-இல் ‘புதுவாழ்வு’ ஆகியவையும் பழைய வெற்றியைத் தரவில்லை. கலைவாணர் மீண்டும் புகழுடன் எழுந்தார்; பாகவதரால் இயலவில்லை. மக்கள் விரும்பிய கதை மாறிவிட்டது. வசனம் மேலோங்கி, பாட்டு பின்னுக்குச் சென்றது. நீரிழிவு நோய் உடலை அரித்தது, கண்பார்வையும் மங்கியது. 1959 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 49. இறுதிப் படமான ‘சிவகாமி’ 1960-இல்தான் திரைக்கு வந்தது. மொத்தம் பதினான்கே படங்கள்!

விளம்பரமின்றியும் ஒன்று விற்கும். விளம்பரம் இருந்தும் ஒன்று விற்காது. பாகவதரின் வாழ்வே இரண்டுக்கும் சான்று. எனவே தாத்தா சொன்னதும் முழு உண்மையன்று. அவர் நண்பர் சொன்னதும் முழு உண்மையன்று.

தகட்டில் இருந்த குறை

அப்படியானால் மறுவெளியீட்டில் குறையே இல்லையா? உண்டு. அந்தத் தகட்டைக் கேட்ட தாத்தா, இது பாகவதர் குரல் மாதிரியே இல்லை, சற்றுக் கீச்சென்று இருக்கிறது என்றார். வயதானவர் பேச்சு என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு இயற்பியல் ஏட்டை எடுத்துக் கணக்கிட்டேன். 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 80 சுற்றில் ஓட்டிப் பதிவு செய்தால், ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் இரண்டரை விழுக்காடு உயரும். அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளி ஏறத்தாழ ஆறு விழுக்காடு. ஆகவே அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குரல் ஏறிவிடும். பழக்கப்பட்ட காது இதை அறியும். படிக்கத் தெரியாத என் தாத்தாவின் காது சரியாகவே சொல்லியிருக்கக்கூடும்!

மற்றொன்று சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 1992-இல் ஐம்பது ஆண்டிலிருந்து அறுபது ஆண்டாக நீட்டப்பட்டது. 1944-இல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2004-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அதன்பின் அந்தப் பதிவை வெளியிட ஒலிப்பதிவு உரிமை தடையாக இல்லை. எல்லாருக்கும் சொந்தமான பொருளுக்கு ஒருவர் மட்டும் செலவழித்து விளம்பரம் செய்வாரா? செய்யமாட்டார். அது வணிகம். ஆனால் சரியான வேகத்தில் பதிவு செய்வதற்கும், இயற்றியவர், படம், ஆண்டு ஆகியவற்றை உறையில் அச்சிடுவதற்கும் பெருஞ்செலவு ஆகாது. மறைந்த கலைஞருக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த விளம்பரம் அதுவே என்பது என் எண்ணம்.

நிறைவாக

அந்தத் தகட்டில் உள்ள பாடல்கள் அனைத்துக்கும் படம், ஆண்டு, இயற்றியவர் பெயர் ஆகியவற்றைத் தேடி ஒரு நோட்டுத் தாளில் எழுதினேன். நடுநிலை தவறக் கூடாது என்று, 1916-இல் புதுக்கோட்டையில் பிறந்து 1951-இல் மறைந்த சின்னப்பாவுக்கும் ஒரு தாள் எழுதினேன். 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் அவர் இரட்டை வேடம் ஏற்றதையும் விடவில்லை. இரண்டு தாள்களையும் தேநீர்க் கடைக்கு எடுத்துச் சென்று, இரு முதியவர்களையும் அழைத்து உரக்கப் படித்தேன். சர்மாவின் செய்தியைக் கேட்டு இருவருமே வாய் பிளந்தனர். சிறையில் இருந்தபடி இரண்டு தீபாவளி கண்டாரே என்று சின்னப்பா தாத்தா மெல்லச் சொன்னார். என் தாத்தா ஒன்றும் பேசவில்லை. நகர்ந்து உட்கார்ந்து பலகையில் இடம் விட்டார். இப்போது மாலைதோறும் மீண்டும் வாதாடுகிறார்கள். அந்தத் தாள் மடித்தபடி தாத்தாவின் சட்டைப் பையில் இருக்கிறது. யார் வந்தாலும் படிக்கச் சொல்கிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர்கள். நம் வீட்டு முதியோர் ஏட்டில் இல்லாத பலவற்றைக் காதிலும் நெஞ்சிலும் வைத்திருக்கிறார்கள். திருச்சியில் அரசு பாகவதருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. அது அரசின் கடன். வீட்டுப் பரணில் ஓர் இசைத்தட்டோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், அதிலுள்ள பெயர்களைப் படித்து எழுதி வைப்பது நம் கடன். நம் கல்லூரி நூலகத்தில் அதற்கென ஓர் ஏடு திறந்தால், முதல் பக்கத்தை எழுதத் தாத்தாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

வாழ்க ஏழிசை மன்னர் புகழ்!