துப்பாக்கியை ஓரம் வைத்த பாதுஷா

ஜஹாங்கீர் என்றதும் நம்மில் பலருக்கு அனார்கலி கதையும் நூர்ஜஹானும்தான் நினைவுக்கு வரும். 1605 முதல் 1627 வரை முகலாயப் பேரரசை ஆண்ட இந்த பாதுஷாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பறவைகளையும் விலங்குகளையும் பொறுமையாகக் கவனித்து, கண்டதைத் தம் நினைவுக் குறிப்பான ஜஹாங்கீர் நாமாவில் எழுதி வைத்தவர் அவர்.

1569-ல் ஃபதேபூர் சிக்ரியில் பிறந்தார். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் அக்பர் துஆ வேண்டிச் சென்ற ஸூஃபி பெரியவர் ஷைகு ஸலீம் சிஷ்தியின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. இளவரசர் ஸலீம் பன்னிரண்டு வயதில் வேட்டையைத் தொடங்கினார். ஐம்பதை நெருங்கும் வயதில், அதுவரை வேட்டையாடியவற்றுக்குக் கணக்கு எடுக்கச் சொன்னார். அவர் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532. அவர் கையாலேயே கொல்லப்பட்டவை 17,167. அதில் 13,964 பறவைகள்.

ஆனால் அதே கண்கள் வேறு விதமாகவும் பார்த்தன. வசந்தத்தில் கூவும் குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை. காக்கை இல்லாத நேரம் பார்த்து அதன் முட்டையை உடைத்துத் தள்ளிவிட்டுத் தன் முட்டையை இடுகிறது. காக்கை அதைத் தன் குஞ்சென்றே வளர்க்கிறது. இந்த அதிசயத்தை அலகாபாத்தில் நேரிலேயே பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

குஞ்சுப் பருவத்திலிருந்து தம்மிடம் வளர்ந்த சாரஸ் கொக்கு ஜோடி ஒன்றுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்திருந்தார். 1618-ல் அவை இரண்டு முட்டைகள் இட்டன. இரவு முழுவதும் பெட்டை அடைகாக்க, ஆண் பக்கத்தில் நின்று காவல் காத்தது. விடிந்ததும் ஆண் வந்து அலகால் பெட்டையின் முதுகைக் கோதும். பெட்டை எழுந்து இடம் கொடுக்கும். 34 நாட்களில் முதல் குஞ்சு வெளிவந்தது. ஆண் கொக்கு குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிச் செல்வதைக் கண்டு, கொன்றுவிடுமோ என்று பயந்து அதைப் பிரித்து வைக்கச் சொன்னார். பிறகு மறுபடி சேர்த்துவிட்டுக் கவனித்தபோதுதான், அது பாசத்தில் செய்தது என்று புரிந்தது.

அந்த ஆண்டிலேயே அவர் பேரன் ஷுஜா கடுமையாக நோயுற்றார். ஐம்பது வயதானதும் வேட்டையை விட்டுவிடுவதாக முன்பு செய்திருந்த நேர்ச்சை பாதுஷாவின் நினைவுக்கு வந்தது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று, இனி எந்த உயிரையும் தம் கையால் கொல்வதில்லை என்று இறைவனிடம் உறுதி கொண்டார். குழந்தை பிழைத்தது.

1620 வசந்தத்தில் கஷ்மீர் சென்றார். பனி உருகி மலைச்சரிவெல்லாம் பூத்திருந்த காலம். உடன் சென்ற ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்தார். சுக்நாக் ஓடையில் ஒரு சிறு பறவை நீரில் மூழ்கி, நெடுநேரம் கழித்து வேறோர் இடத்தில் எழுந்ததைக் கண்டார். நீர்ப்பறவைக்கு உரிய சவ்வுக்கால் அதற்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. இரண்டைப் பிடித்து வரச் செய்தார். ஒன்று உடனே இறந்தது. மற்றது ஒரு நாள்தான் இருந்தது. வாத்துக்கு இருப்பது போன்ற சவ்வு அதன் காலில் இல்லை. அதையும் மன்சூர் வரைந்தார்.

நேர்ச்சை கடைசிவரை நிலைக்கவில்லை. மகன் குர்ரம், அதாவது பிற்கால ஷாஜஹான், எதிர்த்துக் கிளம்பிய காலத்தில் மீண்டும் துப்பாக்கியைத் தொட்டார். மதுவும் அபினும் உடலைக் கெடுத்திருந்தன. 1627-ல் கஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில், மான் வேட்டையின்போது பணியாள் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். அதைக் கண்ட அதிர்ச்சியிலிருந்து பாதுஷா மீளவில்லை. சில நாட்களில் காலமானார். லாகூர் அருகே ஷாதராவில் அடக்கம் செய்யப்பட்டார்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, முகலாய மன்னர்களின் இயற்கை ஆர்வத்தைப் பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஒருவர் தொடராக எழுதினார். அவர் பெயரும் சலீம்தான்: பறவையியலாளர் சலீம் அலி. சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று கேட்கப் போய் பறவைகளின் உலகத்துக்குள் நுழைந்தவர் அவர்.

17,167 என்ற எண்ணிக்கையால் இன்று யாருக்கும் பயனில்லை. ஒரு கொக்கின் கூட்டருகே 34 நாள் காத்திருந்து எழுதியதை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். அடுத்த முறை வீட்டருகே குயில் கூவும்போது, பிள்ளைகளை அழைத்து எந்தக் காக்கைக் கூட்டைச் சுற்றி அது வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் துப்பாக்கி வேண்டாம், பொறுமை போதும்.