கிறிஸ்தவக் கம்பர்

நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில் 1827-ஆம் ஆண்டு வைணவ வேளாண் குடியில் தோன்றியவர் கிருஷ்ணபிள்ளை. கம்பர் கவியில் இளமைதொட்டே ஊறியவர். 1853-இல் சாயர்புரத்து மிஷன் கலாசாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது கிறிஸ்து மார்க்கத்தில் அவருக்குப் பற்றில்லை. எனினும், தமக்கு முன்னரே விசுவாசியாகிய தம்பி முத்தையாபிள்ளை முதலியோரின் தூண்டுதலால் சத்தியத்தை ஆராய்ந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பூண்டார். அந்நாளில் அத்தகைய குடியினர் மதம் மாறின் சுற்றத்தாரின் பகை தப்பாது, அவரோ பின்வாங்கினாரல்லர்.

கிறிஸ்தவரானமை பற்றி அவர் தம் தமிழைத் துறக்கவுமில்லை. பாளையங்கோட்டை மிஷன் கல்லூரியில் மாணாக்கர்க்குத் தமிழ் புகட்டினார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாண நூலைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைப் பாடினார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் 1894-இல் வெளிவந்தது. 1900-இல் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தாம் பெற்ற விசுவாசத்தை அவர் பேழையிற் பூட்டிக் காத்தாரல்லர். பின்வருவோர் தாய்மொழியில் ஓதி மகிழும் பாவாக்கி அளித்துக் காத்தார். அந்நூலின் தேவாரங்கள் இன்றும் பாடப்படுகின்றன. உழைப்பின்றி நம் கைக்கு வந்த இச்செல்வத்தை, நமக்குப்பின் இவ்வகுப்புகளில் அமர்வோர்க்கு நாம் எவ்வடிவில் விட்டுச்செல்லப் போகின்றோம்?