பதக்கத்தைப் பறித்தார்கள், புகழைப் பறிக்க முடிந்ததா?



மலருக்கு ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கிரிக்கெட் வீரர்களைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதனால் நம்மில் பலர் பார்த்தேயிராத அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். ஜிம் தார்ப் என்பது அவர் பெயர்.

இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் 1887-ல், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பழங்குடியில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த சார்லி சிறுவயதிலேயே நோயில் இறந்துபோனான். அம்மாவையும் அப்பாவையும்கூட இளவயதிலேயே இழந்தார். 1904-ல் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் பழங்குடியினர் தொழிற்பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ல் பழைய ராணுவ முகாம் ஒன்றில் அதைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களைப் போல ஆக்குவதே நோக்கம். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள்.

பேருக்குத்தான் அது பள்ளி. அதன் அணி மோதியதெல்லாம் பெரிய பெரிய கல்லூரிகளோடு! பயிற்சியாளர் பாப் வார்னர். 1911-ல் ஹார்வர்டை 18-15 என்று தோற்கடித்தபோது, தார்ப் காலால் உதைத்தே நான்கு ஃபீல்டு கோல் போட்டார்.

1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். மனுஷன் ஓய்வா எடுத்தார்? திரும்பி வந்ததும் அதே ஆண்டு ஃபுட்பால் மைதானத்தில் இறங்கிவிட்டார். 14 ஆட்டங்களில் கார்லைலுக்கு 12 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம், 34-26.

அந்த சீசனின் உச்சம் நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் நடந்த ஆட்டம். எதிரே நின்றது ராணுவக் கல்லூரி அணி. உன்டெட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்று 22 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மக்களின் பிள்ளைகள் இப்போது பந்தோடு வந்தார்கள். 27-6 என்று ஜெயித்தார்கள். அன்று தார்ப்பைத் தடுக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஐசன்ஹோவர். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அதே ஐசன்ஹோவர்தான்!

1913 ஜனவரியில் இடி விழுந்தது. 1909, 1910 கோடைகளில் தார்ப் சிறு பேஸ்பால் அணிகளில் கூலிக்கு ஆடியது பத்திரிகையில் வெளிவந்தது. கல்லூரிப் பையன்கள் பலர் அதையே பொய்ப் பெயரில் செய்து தப்பித்தார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். ஆட்சேபணை 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்ததை ஏற்று இரண்டு பதக்கங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவரால் பேர் வாங்கிய பள்ளி அவருக்காக வாதாடவில்லை. என் மனசை அறுப்பது இதுதான்.

தார்ப் முடங்கிவிடவில்லை. தொழில்முறை பேஸ்பால், ஃபுட்பால் இரண்டும் ஆடினார். 1920-ல், பின்னாளில் என்.எஃப்.எல். ஆன அமைப்பின் முதல் தலைவரானார். ஆனால் கடைசிக் காலம் வறுமைதான். சினிமாவில் துணை வேஷம், மண்வெட்டி வேலை என்று ஓடியது. 1953 மார்ச் 28-ல் காலமானார்.

டெகத்லான் தங்கம் சுவீடனின் வீஸ்லாண்டருக்குப் போனது. அவரோ அதைத் தனதென்று ஒருபோதும் ஏற்கவில்லை. போட்டியாளருக்கு இருந்த மனசு பெரியவர்களுக்கு இல்லையே! 1982-ல் தார்ப்பை இணை வெற்றியாளர் என்றார்கள். 2022-ல்தான் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 110 வருஷம்!

கார்லைல் 1918-ல் மூடப்பட்டது. அங்கே கூடிப் பேச இன்று ஒரு பழைய மாணவரும் இல்லை. நாம் கூடுகிறோம். தம்பி தங்கைகளே, கோப்பை வாங்கும்போது உங்களைத் தோளில் தூக்க ஆயிரம் பேர் வருவார்கள். வழுக்கி விழும்போது பக்கத்தில் நிற்பதற்குத்தான் கல்லூரியும் இந்தச் சங்கமும். அப்படி நிற்போமா?