இரத்தக் குழாயைத் தைத்த மேதை அலெக்சிஸ் காரெல்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மாவிளக்கு ஏற்றுவோரில் பலர், தம் வீட்டு நோயாளியின் உயிருக்காக வேண்டி நிற்பவர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவரின் உற்றாரும் அக்கூட்டத்தில் இருப்பர். ஒருவர் தரும் சிறுநீரகத்தை இன்னொருவர் உடலில் பொருத்தி வாழ வைக்கும் கலை இன்று கைகூடியுள்ளது. அதற்கு அடிகோலியவர் பிரெஞ்சு அறிஞர் அலெக்சிஸ் காரெல். அவர் வாழ்வில் நாம் பின்பற்ற வேண்டிய பாடம் ஒன்று. விலக்க வேண்டிய பாடமும் ஒன்று.

இளமை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரை அடுத்த சிற்றூரில் 1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காரெல் பிறந்தார். தந்தையார் துணித் தொழிலில் இருந்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் மறைந்துவிட, தாயார் வளர்த்து ஆளாக்கினார். காரெல் மருத்துவம் பயின்றார்.

1894இல் பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். பெரிய இரத்தக் குழாய் ஒன்று அறுபட்டது. அதைத் தைத்து மூடும் வழி அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தலைவர் மாண்டார். துணியைத் தைக்க முடியுமானால் இரத்தக் குழாயை ஏன் தைக்க முடியாது என்ற எண்ணம் இளம் காரெலின் நெஞ்சில் வேரூன்றியது.

ஊசியும் நூலும்

பட்டம் பெற்ற அவர், பட்டுத் துணியில் பூ வேலை செய்யும் லெருதியே என்னும் பெண்மணியிடம் சென்று தையல் கற்றார். மெல்லிய ஊசி, மெல்லிய நூல் கொண்டு ஓயாது பழகினார். அறுபட்ட குழாயின் வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். நேர்க்கோட்டில் தைப்பது எளிதாகும். இம்முறையை 1902இல் வெளியிட்டார்.

தாய்நாட்டில் தக்க பதவி கிட்டாததால் 1904இல் கடல் கடந்தார். சிகாகோவில் சார்லஸ் கத்ரி என்பாருடன் ஆய்வு செய்தார். 1906 முதல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் பணியாற்றினார். நாய், பூனைகளில் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்திப் பார்த்தார். ஒரு விலங்கின் சிறுநீரகத்தை அதன் உடலிலேயே வேறிடத்தில் வைத்தால் வேலை செய்தது. வேறு விலங்கினுடையதை வைத்தால் சில நாளில் பழுதுற்றது. தையலில் குறையில்லை, உடல்தான் அயலானை ஏற்க மறுக்கிறது என்று அவர் உணர்ந்தார். 1912இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

புகழில் படிந்த கறை

இத்தகைய மேதை 1935இல் வெளியிட்ட நூலில், கொடிய குற்றவாளிகளையும் அவர்களை ஒத்த மனநோயாளிகளையும் வாயு கொண்டு அழிக்கலாம் என்று எழுதினார். இரண்டாம் உலகப் போரில் செருமனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசின் ஆதரவில் ஆய்வு நிறுவனம் நடத்தினார். 1944 நவம்பர் 5ஆம் நாள் பாரிசில் காலமானார். உயிரைத் தைக்கத் தெரிந்த கை, சில உயிர்கள் மலிவானவை என்றும் எழுதியது. இதுவே நாம் விலக்க வேண்டிய பாடம்.

அவருக்குப் பின்

1954 டிசம்பர் 23இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே குழுவினர், இரட்டையருள் ஒருவரான ரொனால்டு ஹெரிக் தந்த சிறுநீரகத்தை உடன்பிறந்த ரிச்சர்டுக்குப் பொருத்தினர். ஒரே கருவில் உருவான இரட்டையராதலால் உடல் மறுக்கவில்லை. ரிச்சர்டு மேலும் எட்டாண்டு வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை வாழ்ந்தார். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் 1971இல் சிறுநீரக மாற்று நடந்தது.

அன்பால் தொடங்கிய இக்கொடை பிற்காலத்தில் சந்தைச் சரக்காயிற்று. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்த அறிக்கை 2002இல் வெளியாயிற்று. அவருள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றவர்கள். முக்கால்வாசிப் பேரின் கடனோ தீரவில்லை. பெரும்பாலோர் உடல்நலமும் குன்றியது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு வாணிகத்தைத் தடை செய்கிறது. இன்று அக்குற்றத்துக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நெருங்கிய உறவினரல்லாதார் அன்பினால் கொடுக்க முன்வந்தால், அதில் பணம் கைமாறவில்லை என்பதை அங்கீகாரக் குழு ஆராய்ந்தே ஒப்புதல் தர வேண்டும்.

ஆயினும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர் வழியே சிறுநீரகம் விற்றதாகச் செய்தி வந்தது. அரசு விசாரணைக்குப் பின், நம் பெரம்பலூரிலும் திருச்சியிலும் உள்ள இரு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

மாணவ நண்பர்களே! நெசவு நகரில் பிறந்த தையல் கலை, நம் நெசவாளியின் உடலையே விலை பேசும் கருவியாகலாமா? தம்பிக்கு அண்ணன் மனமுவந்து தருவது கொடை. அத்தகைய கொடையாளிக்கும் ஆயுள் முழுதும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்க, வேறு வழியின்றி ஒருவன் தருவது கொடையன்று. நம் தெருவில் கடனுக்குச் சிறுநீரகம் கேட்டுத் தரகன் வந்தால், அவனைச் சட்டத்தின் முன் நிறுத்துவோம். காரெலின் உழைப்பைப் போற்றுவோம். உயிருக்கு உயர்வு தாழ்வு கற்பிக்கும் நெஞ்சத்தை ஒருநாளும் ஏற்கமாட்டோம்.