கொசு மருந்துக்காக நோபல் வாங்கியவர்... ஆனா கொசு ஏன் சாகல? யார் இந்த பால் முல்லர்?

மழை விட்டதும் விழுப்புரம், திண்டிவனம் தெருக்களில் புகை மருந்து வண்டி வரும். அன்னைக்கு ராத்திரியே கொசுவும் வரும். மருந்துல கலப்படம்னு திட்டுவோம். ஆனா காரணம் வேற. அதைப் புரிஞ்சுக்க டிடிடியின் கதைக்குப் போகணும்.

பால் ஹெர்மன் முல்லர் 1899-ல் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஆய்வக வேலைக்குப் போனவர், திரும்பி வந்து படித்து 1925-ல் டாக்டர் பட்டமே வாங்கினார். அதே ஆண்டு பாசல் நகரின் கெய்கி நிறுவனத்தில் சேர்ந்தார். 1935-ல் பூச்சிமருந்து ஆராய்ச்சி. கண்ணாடிக் கூண்டில் ஈக்களை விட்டு, ஒவ்வொரு ரசாயனமாகச் சோதிப்பதுதான் வேலை. நாலு வருஷம் தோல்விதான். 1939-ல் டிடிடி சிக்கியது. 1874-லேயே ஒருவர் தயாரித்த பொருள்தான். பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தவர் முல்லர்.

இரண்டாம் உலகப்போரில், நேப்பிள்ஸ் நகரில் பேன் மூலம் பரவிய டைஃபஸ் காய்ச்சலை அடக்க டிடிடி பெரிதும் உதவியது. 1948-ல் மருத்துவ நோபல். இத்தனைக்கும் முல்லர் டாக்டர் தொழில் பார்த்தவர் இல்லை, வேதியியல்காரர்!

ஆனா அதுக்கு முன்னாடியே ஐரோப்பாவில் சில ஈக்கள் டிடிடிக்குச் சாகாமல் பறக்க ஆரம்பிச்சிருந்தன.

இந்தியாவில் 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவரில் டிடிடி அடித்தார்கள். தாத்தா, பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. ஆண்டுக்கு சுமார் 7.5 கோடியாக மதிப்பிடப்பட்ட மலேரியா பாதிப்பு, 1965-ல் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. முல்லர் இறந்ததும் அதே 1965-ல்தான். 1976-ல் அது 64 லட்சத்தைத் தாண்டியதை அவர் பார்க்கவில்லை. கண்காணிப்பு தளர்ந்தது, மருந்துத் தட்டுப்பாடு என்று பல காரணங்கள். அதில் ஒன்று, டிடிடியைத் தாங்கும் கொசு.

கொசு மருந்துக்குப் 'பழகிடுச்சு'ன்னு சொல்றது தப்பு. டிடிடி கொசுவின் நரம்பைத் தாக்கும். லட்சம் கொசுவில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்த நரம்பு அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கும். மத்ததெல்லாம் செத்துப்போக, அதுங்க மட்டும் முட்டையிடும். இன்னொரு வில்லங்கம்: கொசுவர்த்தி, லிக்விட் மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டும் நரம்பின் அதே இடத்தைத்தான் தாக்குது. அதனால டிடிடியில் தப்பிச்ச கொசு இதுலயும் தப்பிக்கலாம்.

நம்ம பக்கத்து புதுச்சேரியில் 1975 முதல் கொசு ஆராய்ச்சி மையம் இருக்கு. யானைக்கால் நோய்க்கு எதிராக 1981 முதல் 1985 வரை அங்கே நடத்திய திட்டத்தில், மருந்தை மட்டும் நம்பாமல் சாக்கடை, தேங்கிய நீரைச் சரிசெய்வதற்கே முக்கியத்துவம் கொடுத்தார்கள்.

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால வாரம் ஒருமுறை தொட்டி, டிரம்மைக் காலி பண்ணுங்க. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. முட்டை உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தேய்ச்சுக் கழுவணும்.