கல்விக் கதவைத் திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

 

ஆண்டு மலரில் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதுவது மரபு. இவ்வாண்டு மருத்துவப் பெண்மணி ஒருவரின் வரலாற்றைத் தெரிந்தெடுத்துள்ளோம். அதற்கொரு காரணம் உண்டு.

நாம் மலாக்காவில் ஒரு தோட்டப் பள்ளியில் பயின்ற நாளில், முன்வரிசையில் ஒரு மாணவி அமர்ந்திருப்பாள். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன்னரே விடையைச் சொல்லிவிடுவாள். மூன்றாம் வகுப்பின் நடுவில் அவள் வருகை நின்றது. தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, பால் எடுத்துத் திரும்ப நண்பகல் ஆகும். அதுவரை தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை. சில நாள் அவள் தம்பியை இடுப்பில் சுமந்தபடி வகுப்பறைச் சன்னலோரம் வந்து நின்று பாடத்தைக் கேட்பாள். அதைக் கண்டு நாம் சிரித்தோம். அச்சிரிப்பை நினைத்து இன்றும் வருந்துகிறோம்.

அம்மாணவிக்குத் திறவாமற்போன கதவை, பல்லாயிரம் பெண்களுக்குத் திறந்துவைத்தவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் பெயர் பெற்றவர். புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அக்குலத்துச் சிறுமியர் சிலரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவ்வாறு விடப்பட்டோர்க்கு இல்லற வாழ்வு இல்லை. ஊராரின் ஏளனமே மிஞ்சியது. அம்மையாரின் பெற்றோர் குலம் கடந்து மணந்தமையால், உறவினரும் அவர்களை ஒதுக்கி வைத்தனர்.

பெண்மகவைப் பள்ளிக்கு அனுப்புதல் அரிதாயிருந்த காலத்தில், தந்தையார் தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். சிறுமியின் ஆர்வத்தைக் கண்ட ஆசிரியர்கள், தந்தையார் வரையறுத்த பாடங்களுக்கும் அப்பால் கற்பித்தனர். ஆனால், பருவமெய்தியதும் பள்ளிக்குச் செல்வது நின்றது. தாயார் மணமகனைத் தேடலானார். மகளோ மேலும் படிக்கவே விரும்பினார். தந்தையார் வீட்டிலேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவ்வாறு வீட்டிலிருந்தே படித்து, 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். அப்போது அவருக்கு அகவை பதினாறு.

பெற்றோர்களே! இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். பள்ளி நின்ற அன்றே படிப்பும் நின்றிருந்தால், இவ்வரலாற்றை எழுத நமக்கு வாய்ப்பே இராது.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

மகாராசா கல்லூரியில் சேர அம்மையார் விண்ணப்பித்தபோது, அப்போதைய முதல்வர் அதனை விரும்பவில்லை. மாணவர்களின் பெற்றோரும் எதிர்த்தனர். பெண் என்பது ஒரு குறை. அன்னையின் குலம் மற்றொரு குறை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளைப் புறந்தள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளப் பணித்தார். படிப்புதவித் தொகையும் அளித்தார். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரிக்கு அம்மையார் மூடுவண்டியில் சென்றார். வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடங்கேட்டார். திரை அவர் முகத்தை மறைத்ததே அன்றி, அறிவை மறைக்க இயலவில்லை.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மூக்குக் கண்ணாடியும் மெலிந்த உடலுமாக இருந்த அப்பெண் மருத்துவப் படிப்பின் சுமையைத் தாங்குவாரா என்று ஐயுற்றோர் உண்டு. 1912ஆம் ஆண்டு பரிசுகள் பல பெற்று மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்து, ஐயுற்றோர் நாணும்படி செய்தார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்திற்கு இசைந்தார்.

சட்டமன்றத்தில் அம்மையார்

மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், பெண்களின் துன்பங்களை அம்மையார் நேரிற் கண்டார். விளையாட வேண்டிய வயதில் மணமுடிக்கப்பெற்றுப் பிள்ளைப் பேற்றில் உயிர்விடும் சிறுமியரைக் கண்டார். மருந்தால் மட்டும் தீரும் நோய் இதுவன்று என்பதை உணர்ந்தார்.

1927ஆம் ஆண்டு சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. அங்குப் பெண்களின் மணவயதை உயர்த்தவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடைபெறவும் வாதாடினார். இந்தியாவின் கல்வி நிலையை ஆராய அமைந்த ஆர்டாக் குழுவிலும் உறுப்பினராய் இருந்து, பெண் கல்வியின் நிலையை ஆய்ந்தார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முன்னின்று போராடினார். மரபு கெடும், கலை அழியும் என்று எதிர்த்தோர் பலர். அம்மையார் தளரவில்லை. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். ஆயினும் தாம் தொடங்கிய பணியைத் துறந்தாரில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுப் போராட்டத்தின் பயனாக, 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது.

ஔவை இல்லம்

சட்டம் செய்வது எளிதன்று. சட்டத்தால் விடுபட்ட பெண் எங்கே உறங்குவாள், என்ன உண்பாள், எங்கே படிப்பாள் என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அதனினும் கடினம். 1930ஆம் ஆண்டு, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். மாணவியர் விடுதிகளில் அவர்களுக்கு இடம் கேட்டார் அம்மையார். அவர்களின் குலத்தைக் காரணங்காட்டி விடுதிகள் மறுத்தன.

இளமையில் கல்லூரி வாயிலில் தமக்கு நேர்ந்ததே, இப்போது இப்பெண்களுக்கும் நேர்ந்தது. அன்று தமக்காக மன்னர் ஒருவர் கதவைத் திறந்தார். இவர்களுக்குத் திறக்க யார் உளர்? அம்மையார் தம் வீட்டுக் கதவையே திறந்தார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். தமிழ் மூதாட்டியின் பெயரைத் தாங்கிய அவ்வில்லம், பின்னர்ச் சென்னை அடையாற்றில் நிலைபெற்றது. ஆதரவற்ற பெண் குழந்தைகளும் ஏழைச் சிறுமியரும் அங்கு உணவும் உறைவிடமும் பெற்றுப் பயின்றனர். பள்ளியும் எழுந்தது. வறுமையில் வாடும் பெண்ணுக்குப் புத்தகம் மட்டும் தந்தாற் போதாது. பசியாற உணவும், அச்சமின்றி உறங்க இடமும், அவளை இகழாத ஆசிரியரும் வேண்டும் என்பதை அம்மையார் செயலிற் காட்டினார்.

தம் தங்கையார் புற்றுநோயால் மாண்டதைக் கண்டு துயருற்ற அம்மையார், அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை காணவும் உழைத்தார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1956ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மபூசண் விருதளித்துச் சிறப்பித்தது. 82 அகவை நிறைவதற்கு எட்டு நாள்களே இருக்கையில், 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் புகழுடம்பு எய்தினார். மருத்துவமனையும் ஔவை இல்லமும் இன்றும் பணியாற்றி வருகின்றன.

நாம் கற்க வேண்டுவது

அம்மையாரின் தந்தையார் கற்றவர். மன்னரின் உதவியும் கிட்டியது. தோட்டத்து மகளுக்கு அத்தகைய துணைகள் இல்லை என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆயினும், இன்று நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கின்றன. வறிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவும் உண்டு. ஆறாம் ஆண்டு வரை நம் பெண் பிள்ளைகள் தடையின்றி வருகின்றனர். அதன் பின்னரே பழைய தடைகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. இடைநிலைப்பள்ளி தொலைவு, பேருந்துக் கட்டணம் சுமை, வீட்டில் நோயாளி, தம்பியைப் பார்க்க ஆளில்லை, பெரியவளாகிவிட்டாள். இவ்வாறு காரணங்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன. இவற்றுள் சில வறுமையால் வருபவை. அவற்றுக்கு உதவி கேட்க நாணவேண்டா. நம்மிடம் வந்து கூறுங்கள். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உள்ளன. மற்றவை வழக்கத்தால் வருபவை. அவற்றை நாமே நீக்கிக்கொள்ள வேண்டும். தம்பியைப் பார்க்கும் கடமையை அண்ணனும் பகிர்ந்துகொண்டால், தங்கையின் படிப்பு நிற்காது.

தொடக்கத்தில் நாம் கூறிய மாணவி இன்று பாட்டியாகிவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் தம் பேத்தியை முதலாம் ஆண்டில் சேர்க்க நம்மிடம் வந்தார். மலாய்ப் படிவத்தை நிரப்ப இயலாமல் நம்மிடம் தந்தார். கையொப்பமிடும் இடத்தில் தம் பெயரைத் தமிழில், எழுத்தெழுத்தாக, அழகுற எழுதினார். மூன்றாம் வகுப்பில் கற்ற எழுத்து அது. பேத்தி படிப்பை முடிக்கும் வரை நிறுத்தலாகாது என்று நம்மிடம் உறுதி கேட்டார். கொடுத்தோம்.

மாணவியரே! அவ்வுறுதி உங்கள் அனைவருக்கும் உரியது. நன்கு பயிலுங்கள். நாளை உங்கள் வாயிலில் ஒரு சிறுமி வந்து நின்றால், கதவைத் திறவுங்கள்.

வாழ்க அம்மையாரின் புகழ்! வளர்க பெண் கல்வி!