கழற்றி மாட்டும் டயரைத் தந்த ஓவியர்

நடுவழியில் டயர் பஞ்சரானால் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கழற்றியதைக் கடையில் கொடுத்தால் பட்டி போட்டுத் தந்துவிடுகிறார்கள். டயரைக் கழற்றி மாட்டும் இந்த வசதிக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சு நாட்டின் எட்வர்ட் மிச்செலின்.

1859-ல் பாரிஸில் பிறந்த இவர் கற்றது ஓவியக்கலை. ஆனால் பாட்டனார் வழியில் வந்த ரப்பர்த் தொழிற்சாலை கிளெர்மான் ஃபெரான் நகரில் தள்ளாடிக்கொண்டிருந்தது. குடும்பத்தார் அழைக்கவே, தூரிகையை வைத்துவிட்டு 1889-ல் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. எஞ்சினியரான அண்ணன் ஆந்த்ரே துணை நின்றார்.

காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை பெற்றது 1888-ல். அந்த டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட சைக்கிள் ஒன்று பஞ்சராகி மிச்செலின் ஆலைக்கு வந்தது. பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம். பசை காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் சற்றுத் தூரத்திலேயே காற்று இறங்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சிறிது தூரத்தில் கண்ட சுகத்தை மிச்செலின் மறக்கவில்லை. காற்று டயர் வேண்டும், அதை எவரும் தாமே மாற்றவும் முடியவேண்டும் என்று முடிவு செய்தார்.

1891-ல் கழற்றக்கூடிய டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு, சுமார் 1,200 கிலோமீட்டர் கொண்ட பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயருடன் ஓடிய ஷார்ல் தெரோன் வென்றார். 1892-ல் தாமே ஒரு பந்தயம் நடத்திய சகோதரர்கள், பாதையில் ஆணிகளைத் தூவச் செய்தார்களாம்! பஞ்சரானால் எவ்வளவு சுலபமாக மாற்றலாம் என்று ஊருக்குக் காட்டவே இந்த ஏற்பாடு. 1895-ல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரைத் தாங்களே ஓட்டினார்கள். பஞ்சருக்குக் கணக்கில்லை. ஆயினும் கார் பாரிஸ் திரும்பியது.

தொழில் பெருகியது, வீட்டில் துயரமும் சேர்ந்தது. மகன் எத்தியேன் 1932-ல் விமான விபத்திலும், இன்னொரு மகன் பியேர் 1937-ல் கார் விபத்திலும் மாண்டனர். 1940-ல் மிச்செலின் காலமானார். அவருடைய ஆலையில் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த மரியூஸ் மிஞோல் என்பவர் உருவாக்கிய ரேடியல் டயருக்கு 1946-ல் காப்புரிமை கிடைத்தது. அதைக் காண அவர் இல்லை.

இன்று டயரின் பக்கவாட்டில் காணும் 'ஆர்' என்ற எழுத்து அந்த ரேடியலைத்தான் குறிக்கிறது. 145/80 ஆர் 12 என்றிருந்தால், 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம் என்பது. 12 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.

வேறு அளவு மாற்ற நினைப்பவர்கள் ரிம்மில் ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மேற்சொன்ன டயரின் மொத்த உயரம் சுமார் 537 மில்லிமீட்டர். 165/70 ஆர் 12 போட்டால் 536. உயரம் ஏறக்குறைய அதுவே. ஆனால் 145/70 ஆர் 12 போட்டால் 508-தான். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 57-ல்தான் போகும். அகலம் கூடினால் ரிம்மின் அகலம் அதற்கு ஏற்றதா, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது எங்காவது உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும். பாரம் தாங்கும் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது அவசியம்.

வெளி மாநிலங்களில் லாரியும் டாக்சியும் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர். மலிவாகக் கிடைக்கிறதே என்று டயர் வாங்குமுன், வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மாற்றுவதை மிச்செலின் சுலபமாக்கிவிட்டார். சரியானதை மாற்றுவது நம் பொறுப்பு.